இந்த ட்யூபை எப்போ எடுப்பாங்க? இதயம் வரைக்கும் போன குழாயின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரக் கதை ஒரு கழுத்துல ஆரம்பிக்குது. எங்க பெரியப்பாவோட கழுத்து.

பெரியப்பா பாகூர் பக்கம். ஏரித் தண்ணியில நெல்லும், போர் தண்ணியில கரும்பும் போட்டே வாழ்க்கையை ஓட்டினவர். ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனப்போ, திண்ணையில துண்டைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மாலை மாதிரி தொங்கவிடுற பழக்கம்தான் அவருக்கு. அன்னைக்கு ஏதோ மறைக்கிற மாதிரி இருந்தது. துண்டை விலக்கினா, வலது பக்கம் கழுத்துல ஒரு பெரிய பிளாஸ்திரி. அதுக்குள்ள இருந்து ரெண்டு வால். ஒண்ணுல சிவப்பு க்ளிப், இன்னொண்ணுல நீல க்ளிப்.

"என்னா பெரியப்பா இது?"

"ட்யூப்பு தம்பி. கிட்னி ரெண்டும் போயிடுச்சாம். நெஞ்சு வரைக்கும் உள்ள போவுதாம் இது."

"எப்போ எடுப்பாங்க?"

"யாரு கண்டா? ரெண்டு வாரத்துக்குன்னு சொல்லித்தான் போட்டாங்க. நாலு மாசம் ஆவுது."

நம்ம வேலையில இதுக்கு ஒரு பேர் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹாட்ஃபிக்ஸ் போடுவோம். "தற்காலிகம்தான், திங்கட்கிழமை சரியா மாத்திடலாம்"னு கமெண்ட் எழுதி வைப்போம். மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்தக் கோடு அப்படியே ப்ரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டு இருக்கும். பெரியப்பாவோட கழுத்துல இருந்ததும் அதுதான். ஆனா இங்க சர்வர் இல்ல, மனுஷன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம நான் தேட ஆரம்பிச்ச விஷயம்தான் இந்த எபிசோட். கழுத்துல குத்தி இதயம் வரைக்கும் ஒரு குழாயை விடலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? ஏன் இத்தனை வகை? எல்லாத்துக்கும் மேல, அதை எப்போ எடுக்கணும்னு யார் முடிவு பண்றாங்க?

எபர்ஸ்வால்டே, 1929

பெர்லினுக்குப் பக்கத்துல எபர்ஸ்வால்டேன்னு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு மருத்துவமனையில பயிற்சி டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மன். வயசு இருபதுகளின் நடுவுல. நம்ம வயசுன்னே வச்சுக்கலாம்.

அந்தக் காலத்துல நின்னுபோற இதயத்துக்கு மருந்து கொடுக்கணும்னா, நெஞ்சுல நேரா நீள ஊசியைக் குத்தணும். அதுல இதயமே கிழியலாம். ஃபோர்ஸ்மன் வேற வழி யோசிச்சார். உடம்புல இருக்கிற எல்லா சிரைகளும், அதாவது அசுத்த ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோற குழாய்கள், கடைசியில இதயத்தோட வலது மேலறையிலதான் போய்ச் சேருது. அப்போ கைச் சிரைக்குள்ள ஒரு மெல்லிய குழாயை விட்டு, தள்ளிக்கிட்டே போனா இதயத்துக்குப் போயிடலாம் இல்லையா? அவருக்கு முன்னாடியே பிரான்ஸ்ல கிளாட் பெர்னார்ட் 1840களில் குதிரைக்கு இப்படிச் செஞ்சிருந்தார். உயிரோட இருக்கிற மனுஷன் மேல செஞ்சு பார்க்க மேலதிகாரி அனுமதி தரல.

கருவிகள் இருந்த அலமாரியின் சாவி கெர்டா டிட்சன் என்கிற நர்ஸ் கையில. ஃபோர்ஸ்மன் அவங்ககிட்டப் பேசிப் பேசி சம்மதிக்க வச்சார். கெர்டா இன்னும் ஒரு படி மேல போய், "என் மேலயே செஞ்சு பாருங்க"ன்னு முன்வந்தாங்க. அவங்களை மேசையில படுக்க வச்சுக் கட்டிட்டு, அவங்க கைக்கு மருந்து தடவுற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டே, ஃபோர்ஸ்மன் தன்னோட இடது முழங்கை மடிப்புல கீறி, குழாயை உள்ள விட்டுட்டார். அப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டு, எக்ஸ்ரே அறைக்கு வரச் சொன்னார். ஏமாத்திட்டார்னு தெரிஞ்சு கெர்டாவுக்குச் செம கோபம். ஆனாலும் கூடவே போனாங்க. கையில குழாய் தொங்க, படியில இறங்கிப் போய், எக்ஸ்ரே திரை முன்னாடி நின்னு, கண்ணாடியில பார்த்துப் பார்த்துக் குழாயைத் தள்ளினார். 65 சென்டிமீட்டர் உள்ள போனதும், முனை இதயத்துக்குள்ள இருந்தது. படம் எடுத்துக்கிட்டார். அந்த எக்ஸ்ரே படம் இன்னைக்கும் மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள்ல இருக்கு.

இங்க ஒரு விவரம் என்னை உலுக்கிடுச்சு. ஃபோர்ஸ்மன் எடுத்தது இதயத்துக்குன்னு செஞ்ச குழாய் இல்ல. அப்படி ஒண்ணு அப்போ உலகத்துலயே கிடையாது. அது சிறுநீர்ப் பாதைக்குள்ள விடுற குழாய். கிட்னி சம்பந்தப்பட்ட வேலைக்குச் செஞ்ச ஒரு குழாய்தான் முதன்முதலா மனுஷனோட இதயத்தைத் தொட்டது. தொண்ணூத்துச் சொச்ச வருஷம் கழிச்சு, கிட்னி போன எங்க பெரியப்பா கழுத்துல அதோட வாரிசு.

கொஞ்ச நாள்ல ஃபோர்ஸ்மன் இதை ஒரு நோயாளிக்கும் பயன்படுத்தினார். வயிறு முழுக்கச் சீழ் பரவி சாகும் நிலையில இருந்த ஒரு பெண்ணுக்கு, குழாய் வழியா நேரா மருந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் தேறினாங்க, ஆனா பிழைக்கல. இன்னைக்கு ஐ.சி.யூ.வுல 'சென்ட்ரல் லைன்'னு சொல்றாங்களே, அதோட முதல் உருவம் அதுதான்.

அவரை ஒரு ஹீரோவா மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. கட்டுரை வெளியானதும் பெரிய டாக்டர்கள் கேலி பண்ணினாங்க, பெர்லின்ல வேலை போச்சு, சிறுநீரகப் பாதை மருத்துவரா மாறிட்டார். எல்லாம் உண்மை. 1932-ல் அவர் நாஜிக் கட்சியில சேர்ந்தார், போர் முடியும்வரை உறுப்பினரா இருந்தார் என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்துத்தான் நினைவு வச்சுக்கணும்.

1956, ஒரே வருஷம்

ஃபோர்ஸ்மன் விட்ட இடத்துல இருந்து நியூயார்க்ல ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்க. பாரிஸ்ல பிறந்த ஆந்த்ரே கூர்னான், அமெரிக்கரான டிக்கின்ஸன் ரிச்சர்ட்ஸ். 1940களில் பெல்வ்யூ மருத்துவமனையில, இந்தக் குழாயை மருந்து கொடுக்க இல்லாம, அளக்கப் பயன்படுத்தினாங்க. இதயத்தோட ஒவ்வொரு அறையிலும் அழுத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் போகுது. அதுவரைக்கும் இதய நோய்ங்கிறது ஸ்டெத்தஸ்கோப்ல கேட்டு ஊகிக்கிற விஷயம். இப்போ நம்பர் கிடைச்சது. 1956-ல் மூணு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அப்போ ஃபோர்ஸ்மன் ஒரு சின்ன ஊர்ல சாதாரண டாக்டரா இருந்தார்.

அதே 1956-ல் நம்ம ஊர்ல என்ன நடந்தது? புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்க 1823-லயே ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சிருந்தாங்க. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில முடிஞ்சது. 1956-ல் இந்திய அரசு அந்தப் பள்ளியை எடுத்து, தன்வந்திரி மருத்துவக் கல்லூரின்னு பேர் வச்சது. 1964-ல் அது கோரிமேட்டுல ஜிப்மர் ஆச்சு. நெஞ்சு வலின்னாலும் கிட்னின்னாலும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள்ல இருந்து ஜனங்க பஸ் ஏறிப் போறது இன்னைக்கும் அங்கதான்.

இந்தியாவுல இதயத்துக்குள்ள குழாய் விடும் ஆய்வகத்தை ஆரம்பத்துலயே அமைச்சவங்கள்ல ஒரு தமிழ்ப் பெண் இருக்காங்க. டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-ல் பர்மாவுல பிறந்து, ரங்கூன்ல மருத்துவம் படிச்சு, ஜப்பான் படையெடுப்புல தப்பிக் கோயம்புத்தூர் வந்த குடும்பம். லண்டன், பிறகு அமெரிக்கான்னு போய் இதயவியல் படிச்சுட்டு, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில 1950களில் வட இந்தியாவின் முதல் கேத் லேப் அமைச்சாங்க. அவங்களுக்கு முன்னாடி வரிசையில நின்னது, சின்ன வயசுல தொண்டைப்புண்ணுல ஆரம்பிச்சு இதய வால்வு சுருங்கிப்போன ஏழைப் பெண்கள். கர்ப்பமானா மூச்சுத் திணறிச் செத்துப்போறவங்க. பத்மாவதி அம்மா 103 வயசு வரைக்கும் வாழ்ந்து, 2020-ல் கோவிட்ல காலமானாங்க.

ஊசி, கம்பி, குழாய்

ஃபோர்ஸ்மன் மாதிரி ஒவ்வொரு தடவையும் கத்தியால கீறிச் சிரையைத் தேடிக்கிட்டு இருந்தா, இது பெரிய ஆஸ்பத்திரி விஷயமாவே நின்னிருக்கும். ரெண்டு பேர் அதை மாத்தினாங்க.

ஒருத்தர் ரோபேர் ஒபானியாக், பிரெஞ்சு மருத்துவர். நிறைய ரத்தம் போன ஆளுக்குக் கைச் சிரைகள் எல்லாம் சுருங்கி ஒளிஞ்சுக்கும். ஆனா காலர் எலும்புக்கு அடியில போற பெரிய சிரை சுருங்காது, சுத்தி இருக்கிற திசுக்கள் அதைத் திறந்தே பிடிச்சிருக்கும். அங்க ஊசி போடலாம்னு 1952-ல் எழுதினார். புதுச்சேரி பிரெஞ்சுக் கொடிக்குக் கீழ இருந்த கடைசி வருஷங்கள் அவை.

இன்னொருத்தர் ஸ்வீடன்ல ஸ்வென்-இவார் செல்டிங்கர். 1953-ல் அவர் வெளியிட்ட முறை அவ்வளவு எளிமை. ஊசியைக் குத்து. ஊசிக்குள்ள ஒரு மெல்லிய கம்பியை விடு. கம்பியை விட்டுட்டு ஊசியை உருவு. கம்பி மேல குழாயைக் கோத்து உள்ள தள்ளு. கம்பியை உருவு. அவ்வளவுதான். கத்தி இல்ல, தையல் இல்ல. டாக்டர் பட்டத்துக்கு இது போதாதுன்னு அவர்கிட்டச் சொன்னாங்களாம். இன்னைக்கு உலகத்துல எந்த மூலையில சென்ட்ரல் லைன் போட்டாலும், ஆஞ்சியோ செஞ்சாலும், டயாலிசிஸ் ட்யூப் வச்சாலும் அடிப்படை இந்த அஞ்சு படிதான்.

எத்தனை நாள் உள்ள இருக்கும்?

இங்க இருந்து குழாய்கள் பெருக ஆரம்பிச்சது. பேர்களைப் பார்த்தா தலை சுத்தும். எனக்குப் புரிஞ்சது ஒரே கேள்வி வழியாத்தான்: இந்தக் குழாய் எத்தனை நாள் உள்ள இருக்கணும்?

சில நாளுக்குன்னா, கழுத்து, காலர் எலும்புக்கு அடி, இல்ல தொடை இடுக்குல நேரா போடுற சாதாரண சென்ட்ரல் லைன். ஐ.சி.யூ.வுல பார்க்கிறது இதுதான். ரத்த அழுத்தத்தைத் தூக்குற கடுமையான மருந்துகளைக் கைச் சிரையில விட்டா தோலே வெந்துபோகலாம். அதனால நிறைய ரத்தம் ஓடுற பெரிய சிரைக்குள்ள விடுறாங்க. தோலுக்கும் ரத்தத்துக்கும் நடுவுல தூரம் ரொம்பக் கம்மி. கிருமிக்கு அது குறுக்கு வழி.

சில வாரம்னா, மேல்கைச் சிரையில நுழைச்சு நெஞ்சு வரைக்கும் கொண்டுபோற நீளக் குழாய். 'பிக் லைன்'னு சொல்வாங்க. 1970களில் வந்தது. நீண்ட நாள் ஆன்ட்டிபயாட்டிக் போடுறவங்களுக்கு இது.

மாசக்கணக்குலன்னா, தோலுக்கு அடியில சுரங்கம். இது அமெரிக்காவுல சியாட்டில் நகரத்தோட கொடை. குடல் வேலை செய்யாதவங்களுக்குச் சிரை வழியாவே முழுச் சாப்பாடும் கொடுக்கலாம்னு 1960களின் கடைசியில ஸ்டான்லி டட்ரிக் குழு காட்டியிருந்தது. அப்படின்னா குழாய் வீட்டுலயும் உள்ளேயே இருக்கணுமே? 1973-ல் ப்ரோவியாக் ஒரு சிலிக்கோன் குழாய் கொண்டுவந்தார். சிரைக்குள்ள நுழையற இடம் ஒண்ணு, தோலை விட்டு வெளிய வர்ற இடம் இன்னொண்ணு. நடுவுல தோலுக்கடியில சுரங்கம். அதுல துணி மாதிரி ஒரு பட்டை. நம்ம திசு அந்தப் பட்டைக்குள்ள வளர்ந்து, கிருமிக்குக் கதவை அடைச்சிடும். 1979-ல் ஹிக்மன் இன்னும் அகலமான குழாய் செஞ்சார், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக.

வருஷக்கணக்குலன்னா, 'கீமோ போர்ட்'. குழாயும் அதோட முனையில இருக்கிற சின்ன டப்பாவும் முழுக்கத் தோலுக்குள்ளேயே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் மேல ஊசி குத்துவாங்க. குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். 1980களில் புற்றுநோயாளிகளுக்காக வந்தது.

பார்த்தீங்களா? நாள் கூடக்கூடக் கிருமிக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற சுவரும் கூடிக்கிட்டே போகுது. நாலு நாளைக்குச் செஞ்ச குழாயை நாலு மாசம் வச்சிருந்தா, கதவில்லாத வீட்டுல குடியிருக்கிற மாதிரி.

இதயத்துக்குள்ள போய் வர்ற குழாய்கள்

இன்னொரு குடும்பம் இருக்கு. தங்காம, போய் வேலையை முடிச்சுட்டு வெளிய வந்துடுற குழாய்கள்.

லாஸ் ஏஞ்சலஸ்ல ஜெரமி ஸ்வான் கடற்கரையில பாய்மரப் படகு காத்துல போறதைப் பார்த்து, குழாய் முனையில காத்தடிக்கிற சின்ன பலூன் வச்சா ரத்த ஓட்டமே அதை இழுத்துட்டுப் போகுமேன்னு யோசிச்சார். 1970-ல் அவரும் வில்லியம் கான்ஸும் வெளியிட்ட ஸ்வான்-கான்ஸ் குழாய், எக்ஸ்ரே இல்லாமலே நுரையீரல் தமனி வரைக்கும் போய் அழுத்தம் அளந்தது. இருபது வருஷம் ஐ.சி.யூ.க்கள்ல ராஜா மாதிரி இருந்தது. 1990களில் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தா, எல்லாருக்கும் இதைப் போடுறதால உயிர் பிழைக்கிறது கூடல. இப்போ தேவையான சிலருக்கு மட்டும்தான். அளக்க முடியுதுங்கிறதுக்காக அளக்கக் கூடாதுன்னு டேஷ்போர்டு பிரியர்களான நமக்கும் இதுல பாடம் இருக்கு.

நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்ற 'ஆஞ்சியோ' வேற. அது சிரை வழியா இல்ல, மணிக்கட்டு இல்ல தொடையில இருக்கிற தமனி வழியா, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களுக்குப் போறது. 1958-ல் மேசன் சோன்ஸ் தற்செயலாச் செஞ்சது, 1977-ல் சூரிக்ல க்ரூன்ட்சிக் பலூன் வச்சு அடைப்பை விரிச்சது, அதுக்கப்புறம் ஸ்டென்ட். உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

பத்மாவதி அம்மா வரிசையில பார்த்த பெண்களுக்கும் ஒரு குழாய் வந்தது. ஜப்பான்ல கான்ஜி இனோவே 1984-ல் வெளியிட்ட பலூன். தொடைச் சிரையில நுழைஞ்சு, வலது மேலறைக்குப் போய், நடுச்சுவர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு இடப்பக்கம் போய், சுருங்கின வால்வுக்குள்ள பலூனை ஊதி விரிக்கும். நெஞ்சைப் பிளக்க வேண்டாம். இந்தியாவுல ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் இந்த பலூனால பிழைச்சிருக்காங்க.

டயாலிசிஸ்: பாலமும் வீடும்

சரி, பெரியப்பா கழுத்துக்கு வருவோம்.

போர் நடுவுல, 1943-ல் நெதர்லாந்துல வில்லெம் கோல்ஃப் செயற்கைக் கிட்னி மெஷின் செஞ்சார். மெஷின் இருந்தது, ஆனா வழி இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டணும். சில தடவைக்கு அப்புறம் வெட்ட இடமே இருக்காது. அதனால தற்காலிகமா கிட்னி நின்னவங்களுக்கு மட்டும்தான் டயாலிசிஸ். நிரந்தரமாப் போனவங்களுக்குச் சாவுதான்.

1960-ல் சியாட்டில்ல பெல்டிங் ஸ்க்ரிப்னர், முன்கைத் தமனியையும் சிரையையும் வெளிய ஒரு டெஃப்லான் வளையத்தால இணைச்சு அப்படியே விட்டுட்டார். திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிஞ்சது. ஆனா அதைப் பொருத்த அறுவை சிகிச்சை நிபுணர் வேணும். லண்டன்ல ஸ்டான்லி ஷால்டன்ங்கிற டாக்டருக்கு அந்த உதவி சுலபமாக் கிடைக்கல. அவர் செல்டிங்கர் முறையை எடுத்து, தொடையில தானே குழாய் போட்டு டயாலிசிஸ் செஞ்சார். 1961. கழுத்துல தொங்குற இன்றைய டயாலிசிஸ் குழாய்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஒரே குழாய்க்குள்ள ரெண்டு பாதை பின்னாடி வந்தது. சிவப்பு க்ளிப் வழியா ரத்தம் மெஷினுக்குப் போகும், நீல க்ளிப் வழியா சுத்தமாகித் திரும்பி வரும்.

நிஜமான தீர்வு வேற இடத்துல இருந்து வந்தது. நியூயார்க், பிராங்க்ஸ். டாக்டர் ஜேம்ஸ் சிமினோ மாணவரா இருந்தப்போ ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவர். சிரையில எப்படி ஊசி போடுறதுன்னு கைக்குப் பழக்கம். சிரை கொஞ்சம் பெருசா, அழுத்தத்தோட இருந்தா, வெளியில் இருந்து எந்தக் குழாயும் வேண்டாமேன்னு யோசிச்சார். மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோட நேரா இணைச்சுட்டா? தமனியோட வேகம் சிரைக்குள்ள பாயும். சில வாரத்துல சிரை தடிச்சு, கெட்டியாகி, கயிறு மாதிரி எழும்பும். ஒவ்வொரு தடவையும் அதுல ரெண்டு ஊசி குத்தினா போதும். வேலை முடிஞ்சதும் ஊசியை உருவிட்டு வீட்டுக்குப் போகலாம். உடம்புக்குள்ள பிளாஸ்டிக்கே கிடையாது. அறுவை சிகிச்சையைச் செஞ்சவர் கென்னத் ஆப்பெல். 1966-ல் கட்டுரை வெளியானது. இதுதான் 'ஃபிஸ்டுலா'. அறுபது வருஷம் ஆகியும் இதைவிடச் சிறந்த வழி வரல.

ஆனா ஒரு நிபந்தனை. ஃபிஸ்டுலா பழுக்க ஒன்றரை மாசத்துல இருந்து மூணு மாசம் ஆகும். அதனால டயாலிசிஸ் தேவைப்படறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். மூச்சுத் திணறி, கால் வீங்கி, எமர்ஜென்சியில வந்து சேர்றவங்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. அவங்களுக்குக் கழுத்துக் குழாய்தான் உயிர். அது பாலம். பாலத்துலயே குடியிருக்கத்தான் கூடாது.

நம்ம ஊர்ல ஏன் எல்லாரும் லேட்டா வர்றாங்க?

2020-ல் ஜிப்மர் சிறுநீரகவியல் துறையினர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. புதுச்சேரியில இருந்தும் சுத்தி இருக்கிற தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல இருந்தும் வர்ற கிட்னி நோயாளிகள்ல பெரிய பங்கினருக்குச் சர்க்கரை நோயோ, வேற தெரிஞ்ச காரணமோ இல்ல. வெயில்ல உடலுழைப்பு செய்ற கிராமத்து ஆட்கள் அதுல நிறைய. ஆந்திராவுல உத்தானம், இலங்கையில வட மத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவுல கரும்புத் தோட்டங்கள்னு உலகத்துல சில இடங்கள்ல மட்டும் இப்படி ஒரு நோய் இருக்கு. அந்த வரைபடத்துல நம்ம பகுதியும் சேர்ந்தது. அவங்க வச்ச பேர்: தொண்டைமண்டல நெஃப்ரோபதி.

நாம தமிழ்ப் பாடத்துல படிச்ச தொண்டைமண்டலம் இப்போ ஒரு நோயோட பேர்ல.

வெயிலா, தண்ணி குடிக்காம வேலை பார்க்கிறதா, குடிதண்ணியில இருக்கிற ஏதாவதா, பூச்சிமருந்தா, வலி மாத்திரையா? விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க. இந்த வகை நோயோட கொடுமை, அது சத்தமே போடாது. ஆரம்பத்துல வீக்கம் இல்ல, பி.பி.யும் பெருசா ஏறாது, சிறுநீர்ல புரதமும் அதிகம் போகாது. ஆள் வழக்கம்போல களத்துக்குப் போய்க்கிட்டு இருப்பார். பசியில்ல, அசதின்னு ஒரு நாள் டாக்டர்கிட்டப் போனா, கிரியாட்டினின் பத்தைத் தாண்டியிருக்கும். அன்னைக்கே கழுத்துல குழாய்.

பெரியப்பாவுக்கு இதுதானான்னு எந்த டாக்டரும் உறுதியாச் சொல்லல. சுகர் கிடையாது. பி.பி.யே டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போதுதான் தெரிஞ்சது. ஆனா அவர் வந்து சேர்ந்த விதம் அப்படியே இதுதான்.

வேடிக்கை என்னன்னா, பாகூர், வில்லியனூர் பக்கம் ரோட்டுல போனா வயலுக்கு நடுவுல ஒண்ணு மாத்தி ஒண்ணு மருத்துவக் கல்லூரிகள். கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், அரியூர்னு. இவ்வளவு மருத்துவக் கல்லூரிகள் பக்கத்துல இருந்தும், ஒரு சாதாரண ரத்த டெஸ்ட் அஞ்சு வருஷம் முன்னாடி நடக்கல.

ஐந்து வரி

அந்தப் பொங்கல் முடிஞ்சு நான் திரும்பி வந்த மூணாவது வாரம் போன் வந்தது. டயாலிசிஸ் நடுவுல பெரியப்பாவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல். குழாய் வழியாக் கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில. முதல்ல குழாய் போட்ட இடத்துல யாரும் ஃபிஸ்டுலா பத்திப் பேசவே இல்ல, பேசியிருந்தாலும் எங்க வீட்டுல யாருக்கும் புரியல. நானும் அந்தத் துண்டை விலக்கிப் பார்த்துட்டு, கேள்வி கேட்டுட்டு, பஸ் ஏறிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இருக்கு.

அப்போதான் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் பத்திப் படிச்சேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர். சென்ட்ரல் லைன் தொற்றைத் தடுக்க அவர் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்யல. அஞ்சு வரியில ஒரு செக்லிஸ்ட் எழுதினார். கையைக் கழுவு. உடம்பு முழுக்கத் துணி மூடு. குளோர்ஹெக்சிடின் தடவு. முடிஞ்சவரை தொடையைத் தவிர். தேவையில்லாத குழாயை எடுத்துடு. மிச்சிகன் மாநிலத்துல நூத்துக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள்ல இதை நடைமுறைப்படுத்தினாங்க. 2006-ல் வெளியான முடிவு: தொற்று 66 சதவீதம் வரை குறைஞ்சது.

முதல் நாலு வரியும் டாக்டர், நர்ஸ் செய்ய வேண்டியது. அஞ்சாவது வரியை நாமும் கேட்கலாம். "டாக்டர், இந்தக் குழாய் இன்னும் தேவையா? எப்போ எடுப்பீங்க? அடுத்தது என்ன?"

இதோட இன்னும் சிலது சேர்த்துக்கங்க. கிட்னி நோய்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து, எழுதாத கையில, அதாவது பெரும்பாலும் இடது கையில, ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீங்க. அந்தச் சிரை நாளைக்கு ஃபிஸ்டுலா ஆகப்போற சிரை. கழுத்துக் குழாய் இருந்தா கட்டு நனையக் கூடாது. அந்தக் குழாயை டயாலிசிஸ் தவிர வேற எதுக்கும் திறக்கவும் கூடாது. நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா, பாராசிட்டமால் போட்டுப் படுக்காம, அந்த நிமிஷமே கிளம்புங்க. ஊர்ல வெயில்ல வேலை பார்க்கிற உங்க அப்பா, சித்தப்பாவுக்கு, சுகர் இல்லைன்னாலும், வருஷத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினின் பாருங்க.

பெரியப்பா பிழைச்சு வந்தார். குழாயை மாத்தி, சுரங்கம் வச்ச வகை போட்டாங்க. இடது மணிக்கட்டுல ஃபிஸ்டுலா பண்ணாங்க. அது பழுத்ததும் கழுத்துக் குழாய் போச்சு. போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். துண்டு மறுபடியும் தோள்ல மாலை மாதிரி தொங்குது. என் கையை எடுத்துத் தன்னோட மணிக்கட்டு மேல வச்சார். உள்ள கிர்ருன்னு ஒரு அதிர்வு.

"போர் மோட்டார் போட்டா பைப்புல அதிரும்ல, அப்படியே இருக்குதுல்ல?" என்றார். "டெய்லி காலையில தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. ஓடலன்னா உடனே வரணுமாம்."

அவருக்கு இப்போ எதைக் கேட்கணும்னு தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துல ட்யூபோட வந்தப்போ, இவர்தான் முதல்ல கேட்டாராம்: "எப்போ எடுப்பாங்கன்னு கேட்டியாப்பா?"

இந்த எபிசோடை ஊர்ல இருக்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க. படிக்கச் சிரமப்படறவங்களா இருந்தா, போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.